ஷாக் ஏன் கொடுக்கலை?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"டிவி டாக்டர்களைப் பற்றிப் பேசுப்பா" என்றார் நம் செயலாளர். நான் விடாமல் பார்த்தது ஒன்றுதான்: 'இ.ஆர்.' அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை ஓடிய தொடர். சிகாகோவில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கும் கதை. உருவாக்கிய மைக்கேல் கிரைட்டன் ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். நான் அப்போது அந்த நாட்டில் ஒரு சின்ன ஊரில் ரெசிடென்ட். வியாழக்கிழமை ராத்திரி டியூட்டி ரூமில் எல்லாரும் டிவி முன்னால்தான்!

நல்லதை முதலில் சொல்லிடறேன். 1995-ல் வந்த ஒரு எபிசோடில், நிறைமாதக் கர்ப்பிணியை 'சிறுநீர்த் தொற்று' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார் டாக்டர் கிரீன். திரும்பி வரும்போது வலிப்பு, எக்லாம்ப்சியா. குழந்தை பிழைக்கிறது, தாய் பிழைக்கவில்லை. கதாநாயக டாக்டரே கோட்டை விடுவதைக் காட்ட ஒரு துணிச்சல் வேண்டும்.

ஆனால் இதயம் நின்றுபோகும் காட்சிகள்? 'இ.ஆர்.' உள்ளிட்ட மூன்று தொடர்களில் 97 எபிசோடுகளை மூன்று மருத்துவர்கள் உட்கார்ந்து பார்த்து, 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். அவற்றில் நெஞ்சை அமுக்கி உயிர் மீட்கும் காட்சிகள் 60. நூற்றுக்கு 75 பேருக்கு உடனே உயிர் திரும்புகிறது. நிஜத்தில், மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றவர்களில் வீடு திரும்பியவர்கள் அந்நாளில் நூற்றுக்கு 15 பேர் இருந்தாலே அதிகம்.

என் நோயாளி ஒருவர். வயது 82, இதயம், சிறுநீரகம் இரண்டும் தளர்ந்துவிட்டன. "இதயம் நின்றால் முயற்சி செய்யட்டுமா?" என்று மகளிடம் கேட்டேன். "பின்னே? செய்யாம இருப்பீங்களா?" என்றார். ஃபாரத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் நின்றுவிட்டது. இருபது நிமிடம் அமுக்கினோம். விலா எலும்பு முறிந்தது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. மானிட்டரில் நேர்கோடு. வாசலில் மகள், "ஷாக் கொடுங்க, ஏன் கொடுக்கலை?" என்று கத்துகிறார். மாணவர்களுக்குத் தெரியும்: ஷாக், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு, நேர்கோட்டுக்கு அல்ல. அதற்கு அமுக்குவதும் அட்ரினலினும்தான். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? டிவியில் கொடுக்கிறார்களே!

அப்பாவைக் காப்பாற்ற மனமில்லாமல் விட்டுவிட்டோம் என்றே அவர் நினைத்துப் போனார். தொடரை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று நாள் முன்னால், எத்தனை பேர் பிழைப்பார்கள், உடம்பு என்ன பாடுபடும் என்று நான் உட்கார்ந்து சொல்லியிருக்கணும். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

செயலாளர் வாட்சைக் காட்டுகிறார், சாப்பாடு தயாராம்.