மாப்பிசையும் யந்திரமும் வெந்த இறைச்சியும்

ஒரு தொழிலுக்கென ஆக்கப்பட்ட கருவி, ஆக்கியோன் கருதாத வேறொரு தொழிலுக்கு உதவுவது உலகிற் புதுமையன்று. தையலூசி துணியைத் தைப்பதோடு காலில் ஏறிய முள்ளையும் எடுக்கின்றது. அமெரிக்க இல்லங்களிலே பாண் மாவும் கேக்குக் கலவையும் பிசைவதற்கென வைத்திருக்கும் மின் யந்திரம், வெந்த இறைச்சியை இழை இழையாகப் பிரிக்கவும் பயன்பட்டு வருகின்றது. அது எவ்வாறு இயலுகின்றது, எங்கே தவறிவிடுகின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நேயர்களிற் பலர் இந்த யந்திரத்தைக் கண்டிருப்பர். கனத்த அடிப்பீடம், அதன்மேல் நிமிர்ந்த தூண், தூணின் உச்சியிலிருந்து முன்னோக்கி நீண்ட தலை, தலையின் கீழே தொங்கும் துடுப்பு, துடுப்பைச் சூழ்ந்த உருக்குக் கிண்ணம். ஒஹாயோ மாநிலத்து ட்றோய் நகரில் இயங்கிய ஹோபாட் கொம்பனியின் பொறியியலாளர் ஹேர்பேர்ட் ஜோன்ஸ்ரன் என்பவர், 1908 ஆம் ஆண்டில், பாண் சுடுவோன் ஒருவன் இரும்புக் கரண்டியால் மாவைக் கலக்கிக் களைப்பதைக் கண்டாராம். அதன் பயனாகப் பெரிய பேக்கரிகளுக்கேற்ற 80 குவாட் கொள்ளளவுள்ள யந்திரம் பிறந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் சமையலறைகளிலும் அது இடம்பெற்றது. இல்லத்துக்கான யந்திரம் 1919 இல் வெளிவந்தது. அதன் எடை 60 இறாத்தலுக்கும் மேல். இல்லத்தரசி ஒருத்தி தனியே தூக்கி வைக்கக்கூடிய பொருளன்று. எக்மொண்ட் ஆரன்ஸ் என்னும் வடிவமைப்பாளர் 1937 இல் அமைத்துக் கொடுத்த உருவமே, சிறுசிறு மாற்றங்களுடன் இன்றும் விற்பனையாகின்றது.

இந்த யந்திரத்தின் உயிர்நாடி அதன் சுழற்சியில் உள்ளது. துடுப்பு தன்னைத்தானே ஒரு திசையிற் சுழலும். அதேவேளையில் மறுதிசையிற் கிண்ணத்தையும் வலம் வரும். கோள்கள் தாமும் சுழன்று ஞாயிற்றையும் சுற்றுவது போன்ற இயக்கமாதலின் இதற்குக் கோட்சுழற்சி என்று பெயரிட்டனர். கிண்ணத்தில் துடுப்புத் தொடாத மூலை இல்லை. துடுப்புக்குக் கூரிய விளிம்பும் இல்லை. வெட்டாமலே தள்ளியும் இழுத்தும் வேலை செய்யும் இவ்வியல்புதான் இறைச்சிக்குப் பொருந்தி வந்தது.

ஏனெனில், இறைச்சி என்பது நீண்ட தசைநார்களின் கட்டு. அக்கட்டுகளைப் பிணைத்து நிற்பது கொலாஜன் என்னும் புரதம். பன்றியின் முன்தோட்பட்டை, மாட்டின் நெஞ்சுப்பகுதி போன்ற, உயிரோடிருக்கையில் மிகவும் உழைத்த உறுப்புகளில் அது மிகுதி. விரைந்து சமைத்தால் இவை தோல்போலக் கடினமாகும். மெல்லிய சூட்டிற் பல மணி நேரம் வெந்து, உள்வெப்பம் 90 பாகை செல்சியசுக்கும் 95 பாகைக்கும் இடையே சென்றால் கொலாஜன் உருகி ஜெலற்றினாகிவிடும். கட்டு அவிழ்ந்த விறகுபோல நார்கள் தாமாகப் பிரியக் காத்திருக்கும். அந்நிலை அடையாத இறைச்சியை எந்த யந்திரமும் பிரித்துவிடாது, நசுக்கத்தான் செய்யும்.

வட கரொலைனா முதலிய தென்மாநிலங்களிலே பிய்த்த பன்றியிறைச்சி விருந்துக்குரிய உணவு. தேவாலய விருந்துக்கு நூறு பேர் வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 150 கிராம் என்றால் வெந்த இறைச்சி 15 கிலோ வேண்டும். எலும்பும் கொழுப்பும் நீரும் கழிந்து பாதிக்குச் சற்று மேலே எஞ்சுமாதலால், மூன்றரைக் கிலோ எடையுள்ள தோட்பட்டைகள் எட்டு வேண்டும். இவற்றை இரண்டு முட்கரண்டி கொண்டு பிய்ப்பதென்றால், தொண்டுக்கு வந்த பெண்களின் விரல்கள் சுட்டுச் சிவக்கும். ஆறவிட்டுப் பிய்க்கலாமே எனின், அங்கே ஓர் அபாயம் உண்டு. 60 பாகைக்குக் கீழே 4 பாகை வரையுள்ள வெப்பநிலையிற் கிருமிகள் விரைந்து பெருகுவதால், சமைத்த உணவை அந்நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தலாகாது என்பது அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் விதி. கைவேலை நீள நீள அந்த நேரம் கரைகின்றது. யந்திரத்துக்கு இங்கேதான் உண்மையான மதிப்பு. சோம்பலுக்குத் துணை என்று அதனை ஏளனம் செய்வோர் நூறு பேருக்குச் சமைத்தறியாதவர்.

செய்முறை எளிது. அடுப்பிலிருந்து இறக்கிய இறைச்சியை அரை மணி நேரம் மூடி வைத்தல் வேண்டும். அதற்குள் சாறு உள்ளே தங்கும். பின் எலும்பையும் பெருங்கொழுப்பையும் நீக்கி, முட்டியளவு துண்டுகளாக்கிக் கிண்ணத்திற் பாதிக்கு மேற்படாமல் இடுக. தட்டைத் துடுப்பையே பூட்டுக. பாண் மாவுக்குரிய கொளுக்கி இறைச்சியை உருட்டுமேயன்றிப் பிரிக்காது, கம்பிக்கூடு வளைந்துவிடும். மிகக் குறைந்த வேகத்தில் ஆளியைப் போட்டு அரை நிமிடத்தில் நிறுத்திப் பார்த்தல் நன்று. பெரும்பாலும் ஒரு நிமிடத்துள் வேலை முடிந்துவிடும். எலும்புச் சில்லு ஒன்று தப்பிக் கிடந்தாலும் துடுப்பு ஊறுபடும், உண்போர் பல்லுக்கும் கேடு.

யந்திரத்தை ஓடவிட்டு வேறு கருமம் பார்க்கச் செல்வதே பெருந்தவறு. இரண்டாம் நிமிடத்தில் நார்கள் அறுந்து குறுகும். அதன்பின் ஓடினால் குழந்தைக்கு ஊட்டும் களிபோலாகிவிடும். அதனை மீண்டும் இறைச்சியாக்க வழியில்லை. ஆறிப்போன இறைச்சியும் உதவாது. உருகிய ஜெலற்றினும் கொழுப்பும் உறைந்து நார்களை மறுபடி ஒட்டிவிடும். கோழியின் நெஞ்சிறைச்சிக்கோ நீடித்த வேக்காடு வேண்டியதில்லை. 74 பாகை உள்வெப்பம் போதும். கொலாஜன் மிகக் குறைவான அது எளிதிற் பிரியும், அதேயளவு எளிதில் வறண்டு தூளுமாகும். வெந்த நீரிற் சில கரண்டி சேர்த்து இருபது விநாடியோடு நிறுத்துதல் உத்தமம்.

இம்முறையை ஒப்பாதாரும் உளர். வட கரொலைனாவின் எய்டன் என்னும் சிற்றூரில் 1947 இல் தொடங்கிய ஸ்கைலைட் இன் என்னும் உணவுச்சாலையிலே முழுப் பன்றியை விறகுத் தணலிற் சுட்டு, கனத்த கத்திகளாற் பலகைமீது கொத்துவர். முறுகிய தோலும் அதனுடன் கலந்து கொத்துப்படும். கத்தி வேண்டுமென்ற இடத்தில் வெட்டும். துடுப்புக்கு அத்தெரிவு இல்லை. வெளிப்புறத்து முறுகற் பட்டையைத் தனியே எடுத்துக் கையாற் கொத்தி, யந்திரம் பிரித்த இறைச்சியோடு இறுதியிற் கலப்போரும் உளர். இரண்டையும் உண்டு பார்த்தவர்க்கு இந்த நடுவழி நியாயமாகவே தோன்றும்.

பிரித்த இறைச்சி ஈரம் இழக்குமுன், தட்டில் வடிந்த சாற்றைக் கொழுப்பு நீக்கி ஊற்றிக் கிளறிவிடல் வேண்டும். வட கரொலைனாவின் கிழக்குக் கரையோரத்தார் இத்துடன் வினாகிரியும் செத்தல் மிளகாயும் உப்பும் மட்டுமே சேர்ப்பர். மேற்கே சென்றால் சிறிது தக்காளிச் சாறும் சேரும். கிண்ணத்தையும் துடுப்பையும் கொழுப்பு உறையுமுன் கொதிநீரிற் கழுவிவிட்டால், மறுநாட் காலையில் அதே கிண்ணத்திலே பாண் மாவைப் பிசையலாம்.