குதிக்கால் நோவும் ஓயாத நடையும்



தமிழிலே 'குதி' என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பாய்தல் என்பது ஒன்று. காலின் பின்னடி என்பது மற்றொன்று. பாய்கின்ற செயலுக்கும் அதன் பாரத்தைத் தாங்குகின்ற உறுப்புக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது பொருத்தமே. அந்த உறுப்பு நோவெடுத்துவிட்டால் பாய்வதை விடுங்கள், படுக்கையிலிருந்து எழுந்து முற்றத்துக்குப் போவதும் பெரும்பாடாகிவிடுகிறது. உயிருக்கு ஆபத்து விளைக்கும் நோயன்று இது. ஆகையால் இதைப்பற்றிப் பேசுவாரும் குறைவு. ஆயினும் நடந்து பிழைப்போரையும், ஓடியாடித் திரிவோரையும் மாதக்கணக்காக மூலையில் இருத்திவிடும் வல்லமை இதற்குண்டு. பத்துப்பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை அனுபவிக்கின்றனர் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு.

உள்ளங்காலின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். இதனைத் தமிழிற் சொல்ல முடியுமா என்று எவரும் ஐயுறவேண்டியதில்லை. மானிப்பாயில் அந்த ஐயம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நீங்கிவிட்டது. அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள், மானிப்பாயில் இருந்து நம் இளைஞர்களுக்கு மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். கிறே என்பவர் எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரோடு 1872இல் தமிழில் வெளிவந்தது அவர் முயற்சியாலேயே. எலும்பையும் நரம்பையும் தசையையும் தமிழிற் பெயர் சொல்லி அழைத்த மாணவர்கள் உலாவிய ஊரிலிருந்து பேசும்போது, நான் மட்டும் பிறமொழிச் சொற்களை அடுக்குதல் முறையாகாது.

குதி எலும்பின் அடிப்புறத்திலிருந்து ஒரு தடித்த நார்ப்பட்டை புறப்படுகிறது. அது முன்னோக்கிச் சென்று, ஐந்தாகப் பிரிந்து, ஐந்து விரல்களின் அடியிலும் சென்று பொருந்துகிறது. பாதத்தின் வளைவை வில் என்று கொண்டால் இந்தப் பட்டை அதன் நாண். நாம் அடியெடுத்து வைக்கும்போது குதி மேலெழுகிறது, விரல்கள் மேல்நோக்கி மடிகின்றன. அப்பொழுது, கப்பியிலே கயிறு சுற்றுண்டு இறுகுவதுபோல, இந்தப் பட்டை விரலடியைச் சுற்றி இறுகிப் பாதவளைவை உயர்த்துகிறது. இந்தப் பொறிமுறையை ஹிக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1954இல் விளக்கி எழுதினார். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி நடக்கிறோமோ அத்தனை ஆயிரம் முறை இந்தக் கயிறு இறுகித் தளர்கிறது. அது எலும்போடு பொருந்தும் இடத்திலே, குதியின் உட்பக்க அடியிலே, சிதைவு தோன்றும்போது நோவு பிறக்கிறது.

நோவின் குணம் தனியானது. காலையில் எழுந்து வைக்கும் முதலடியில் ஆணி ஏறினாற்போலக் குத்தும். பத்து அடி, இருபது அடி நடந்தபின் தணியும். நெடுநேரம் அமர்ந்திருந்து எழுந்தால் மீண்டும் குத்தும். மாலையில், நின்று களைத்த கால் கனத்து நோகும். நம் சித்த மருத்துவர்கள் குதிவாதம் என்று பெயரிட்டு இதனை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர்.

யாருக்கு வருகிறது? நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டோருக்கு மிகுதியாக வருகிறது. உடற்பாரம் கூடியவர்கள், கெண்டைத்தசை இறுகியவர்கள், சீமெந்துத் தரையில் நெடுநேரம் நின்று தொழில் செய்பவர்கள் ஆகியோர் இதற்கு எளிதில் ஆளாகின்றனர். ஆசிரியர், தாதியர், கடையில் நிற்போர், அடுப்படியில் நிற்கும் தாய்மார் ஆகிய அனைவரும் இக்கூட்டத்தில் அடங்குவர். கரும்பலகைக்கு முன் முப்பது ஆண்டுகள் நின்ற என் காலும் இதனைப் பதினொரு மாதங்கள் அறிந்திருந்தது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைக் களையவேண்டும். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால், குதி எலும்பின் அடியிலே சிறு முள் போன்ற வளர்ச்சி தெரிவதுண்டு. உடனே, "எலும்பில் முள் வளர்ந்து குத்துகிறது, அதை வெட்டியெடுக்கவேண்டும்" என்று அஞ்சுகின்றனர். நோவே இல்லாத பலரது காலிலும் அந்த முள் உண்டு. நோவுள்ள பலரது காலில் அது இல்லை. ஆகவே அந்த முள்ளின்மேற் பழிபோடுவதிற் பயனில்லை.

இரண்டாவது எண்ணம் சற்றுப் பாரதூரமானது. செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதியை வைத்து அழுத்துவது நம் வீடுகளில் வழிவழியாக வரும் கைமருந்து. இளஞ்சூட்டினால் இதம் உண்டாவது உண்மை. அதனை நான் இகழேன். ஆனால் நீரிழிவு உள்ளவர்களின் பாதத்திற் பலவேளைகளில் உணர்ச்சி குன்றியிருக்கும். கல் சுடுகிறது என்று அறியாமலே அவர்கள் காலை வைத்திருப்பர். தோல் வெந்து, புண்ணாகி, ஆறாமல், ஈற்றில் விரலையோ பாதத்தையோ இழக்க நேரிடலாம். குதிநோவு பெரும்பாலும் ஓராண்டில் மறையும். இழந்த பாதம் மீளாது. நீரிழிவுடைய பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பிள்ளைகள் இதைக் கவனித்துத் தடுக்கவேண்டும். பனிக்கட்டி வைப்பதிலும் அவர்களுக்கு இதே எச்சரிக்கை வேண்டும்.

இனி, ஓயாது இயங்குபவர்களின் சங்கடத்துக்கு வருவோம். அதிகாலையில் நடைபோகிறவர், துவிச்சக்கரவண்டியை மிதிக்கிறவர், மாலையிற் கரப்பந்தாட்டம் ஆடுகிறவர், தோட்டத்தில் நாள் முழுதும் நிற்கிறவர் ஆகிய இவர்களிடம் "ஆறுமாதம் கட்டிலில் இரும்" என்று சொன்னால் யார் கேட்பார்? கேட்டாலும் நன்மையில்லை. உடல் பருக்கும், தசை மெலியும், மனம் சோரும். மீண்டும் எழுந்து நடக்கத் தொடங்கிய அன்றே நோவும் திரும்பும். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு முன்போலவே ஓடுவதும் அறிவுடைமையன்று. நடுவழி ஒன்று உண்டு. காலையின் முதலடியையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். நேற்று நடந்த நடையால் இன்று காலை நோவு கூடவில்லையானால் அந்த அளவு உங்கள் காலுக்கு ஏற்றது. கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள், ஆனால் முற்றாக நிறுத்தாதீர்கள். ஓட்டத்தின் இடத்தில் வண்டிமிதிப்பதையோ நீந்துவதையோ சிலகாலம் வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சிகள் இரண்டைச் சொல்கிறேன். காலையிற் படுக்கையை விட்டு இறங்குமுன் கட்டிலில் அமர்ந்து, நோகின்ற காலை மற்றைய முழங்காலின்மேல் வைத்துக்கொள்ளுங்கள். விரல்களைக் கையாற் பற்றிக் கணைக்காலை நோக்கி இழுங்கள். உள்ளங்காலில் அந்த நாண் விறைத்து நிற்பதை மற்றக் கையாற் தடவி அறியலாம். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இவ்வாறு பத்துமுறை, நாளுக்கு மூன்று வேளை. கெண்டைத்தசையை மட்டும் நீட்டுவதிலும் பார்க்க இது நற்பயன் தருகிறது என்று அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

மற்றது பலம் சேர்க்கும் பயிற்சி. டென்மார்க்கில் நிகழ்ந்த ஆய்விலிருந்து வந்தது, 2014இல் வெளியிடப்பட்டது. துவாயைச் சுருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடிந்திருக்குமாறு ஒற்றைக் காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மூன்று எண்ணிக் குதியை உயர்த்தி, இரண்டு எண்ணி நிறுத்தி, மூன்று எண்ணி இறக்கவேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாற் போதும். பழகப்பழக முதுகுப் பையிற் புத்தகங்களை இட்டுப் பாரத்தைக் கூட்டலாம். மூன்று மாதத்தில் இம்முறை முந்தி நின்றது. ஓராண்டின் முடிவிலோ நீட்டும் பயிற்சி மட்டும் செய்தோரும் அவர்களோடு சமமாயினர். விரைவில் மைதானத்துக்குத் திரும்ப விரும்புபவருக்கு அந்த மூன்று மாதம் பெரிது. மற்றவர் எதனைச் செய்தாலும் சரியே.

பாதணி பற்றி ஒரு சொல். வீட்டினுள் செருப்போடு நடப்பதை நம் பெரியோர் விரும்புவதில்லை. சாணம் மெழுகிய மண்தரை இருந்த காலத்தில் அது பொருந்தியது. இன்று வீடெல்லாம் சீமெந்தும் ஓட்டுக்கல்லுமாக இருக்கையில், வெளியே கொண்டுபோகாத தூய மென்செருப்பு ஒரு சோடியை உள்ளே அணிவதால் ஆசாரம் கெட்டுவிடாது. வெளியே போகும்போது தேய்ந்து தட்டையான இறப்பர்ச் செருப்பை விலக்குங்கள்.

ஊசி மருந்து ஏற்றினாற் சில வாரம் சுகம் கிடைக்கும் என்பது மெய். ஆயின் திரும்பத்திரும்ப ஏற்றினால் அந்த நார்ப்பட்டையே அறுந்துபோகக் கூடும். விளையாட்டுப் போட்டிக்கு முதல்நாள் ஊசி கேட்டு நிற்கும் இளைஞர்கள் இதை அறிதல் நலம்.

பிள்ளைகளின் குதிநோவு வேறு. எட்டு வயது முதற் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குதி எலும்பின் பின்பக்கம் இன்னும் முற்றாமல் வளர்ந்துகொண்டிருக்கும். மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில், காய்ந்து இறுகிய மைதானத்தில் ஓடிப் பாயும்போது அவ்விடம் நோகும். அமெரிக்க மருத்துவர் செவர் இதனை 1912இல் எழுதிவைத்தார். அப்பிள்ளையைச் சோம்பேறி என்றும் நடிப்பென்றும் ஏசுவது அநியாயம். சில வாரம் பாய்ச்சலையும் ஓட்டத்தையும் குறைத்து, சப்பாத்தின் குதியில் மெத்தென்ற தட்டு வைத்தால் தணியும். எலும்பு முற்றியதும் தானே மறையும்.

ஓய்வில் இருக்கும்போதும் இரவிலும் நோவு, காய்ச்சல், பாதத்தில் மரத்தன்மை, குதியின் இருபக்கமும் பிடித்து நெரித்தாற் தாங்கமுடியாத வலி, இளைஞர் ஒருவருக்கு இரண்டு குதிகளும் நோவதோடு காலையில் முதுகும் விறைத்திருத்தல், இவற்றுள் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாட்களைப் போக்காது வைத்தியரிடம் செல்லுங்கள். எலும்பு வெடிப்பும் வாதநோய்களும் இவ்வாறு தலைகாட்டுவதுண்டு.

கடைசியாக, செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பல வாரங்கள், பெரும்பாலும் வெறுங்காலோடு, தாரிட்ட வீதியிலும் காட்டுவழியிலும் நடக்கும் நடை அது. புறப்படும் நாளிலேயே நடையைத் தொடங்காதீர்கள். மூன்று மாதம் முன்பே, நாளுக்குச் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டி வாருங்கள். துவாயும் படிக்கட்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன, இன்றிரவே தொடங்கலாம்.