வாங்கிய பின் வருந்தாதீர்!



"ஏன்டா வாங்கினோம்!" என்ற புலம்பலை இன்று வீட்டுக்கு வீடு கேட்கிறோம். பொருள் கெடுவதற்கு முன்பே அதன் மென்பொருளுக்கு ஆயுள் முடிந்துவிடுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்படுத்தல் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 வேண்டுமாம். அது இல்லாத பழைய கணினி, நல்லா ஓடினாலும் ஓரங்கட்டப்படுகிறது.

புதிய கைப்பேசிகளுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ளது. நாமும் கடையில் கேட்போமே!

தம்பி தங்கைகளே, "கேமரா எத்தனை மெகாபிக்சல்?" என்பதற்கு முன்னால், "எத்தனை வருஷம் அப்டேட் வரும்? பேட்டரி மாத்தலாமா?" என்று கேளுங்கள். தவணை கட்டுவது அப்பா. தவணை முடியும் முன் பொருள் முடிந்துவிடக் கூடாது.