மத்தளம்: பெயரும் பொருளும்



அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில், மூவர் பாடலும் பெற்று விளங்கும் திருத்தலம் திருமழபாடி. ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் இங்கே திருமணம் நடைபெறுகின்றது. "நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்" என்பது மக்கள் வழக்கு. மணக்கோலம் பூணும் அந்நந்தியெம்பெருமானே கூத்தப்பிரான் ஆடலுக்கு முழவு இயம்புபவர். ஆதலின், மத்தளம் என்னும் பெயரை இத்தலத்தோடு சேர்த்துச் சிந்தித்தல் பொருத்தமாகும்.

தோற்கருவிகளின் பெயர்கள் பலவாறு பிறந்தன. முழங்குவது முழவு. குடம் போன்ற வடிவுடையது குடமுழா. மிருதங்கம் என்னும் வடசொல்லுக்கு மண்ணாலாகிய உடல் என்பது பொருள். இந்நாளில் அதனைப் பலாமரத்தில் கடைகின்றனர். மண் போயினும் பெயர் நிலைத்துவிட்டது.

மத்தளம் என்பதற்குச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் அரங்கேற்றுகாதை உரையில் விளக்கம் தருகின்றார். 'மத்து' என்பது ஓசையின் பெயர். இசைக்கருவிகளுக்கெல்லாம் தளமாய் நிற்றலின் மத்தளம் ஆயிற்று என்பது அவர் கருத்து. வடமொழியில் வழங்கும் 'மர்த்தலம்' என்பதே இதன் மூலம் என்பாரும் உளர். சொல் எவ்வழி வந்ததாயினும், உரையாசிரியர் கண்ட பொருள் உள்ளத்தில் இருத்தத்தக்கது. ஆண்டாள் நாச்சியார் தாம் கண்ட திருமணக் கனவிலும் மத்தளத்தை முழங்கச் செய்தமை நாம் அறிந்ததே.

தளம் என்பது அடித்தளம். அது தன்னைக் காட்டாது, பிறவற்றைத் தாங்கும். "மத்தளத்துக்கு இரு புறமும் இடி" என்பர். அவ்விடியைத் தான் ஏற்றுப் பாடலைத் தாங்குவதே அதன் தொண்டு. ஆடும் பெருமான்மேல் நோக்கம் வைத்து, ஓரமாய் நின்று முழவு இயம்பும் நந்தியெம்பெருமானின் நிலையும் அதுவே.

இக்காலத்தில் கோயில்கள் சிலவற்றில் தீபாராதனை வேளையில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் ஒலிக்கின்றன. ஆளில்லாக் குறையை அவை ஓரளவு நிறைக்கின்றன. எனினும், பாடுவார் குரல் தாழ்ந்தவிடத்துத் தாழவும், எழுந்தவிடத்து எழவும் பொறி அறியாது. பாடுவாரைத் தாங்காதது தளமாகுமோ?

ஆதலின் அன்பர்களே, பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் திருமுறை ஓதக் கூடும் கோயில்தோறும் சிறுவர் ஓரிருவரேனும் மத்தளம் பயிலத் துணைநிற்போமாக. பழுதுற்ற கருவிக்குத் தோல் மாற்றித் தருவதும் திருப்பணியே. முழக்குவாருக்கு உரிய ஊதியம் அளிப்பதும் சிவத்தொண்டே.

திருச்சிற்றம்பலம்.