மோரே: அப்பத்தாவோட சித்தப்பா நின்னுபோன ஊர்

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன், குடுமியான்மலைக்கு. திண்ணையில உக்காந்துதான் பதிவு பண்றேன். நடுவுல மயில் கத்தினா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எங்க ஊர்னா எல்லாரும் இசைக் கல்வெட்டைத்தான் சொல்வாங்க. எனக்குப் பிடிச்சது வேற. சோழர் கல்வெட்டும் பாண்டியர் கல்வெட்டும் ஒரே கோயில்ல இருக்கு. எங்க மாவட்டத்துல ஓடுற வெள்ளாறுதான் அந்த ரெண்டு நாட்டுக்கும் எல்லைன்னு பழைய வழக்கு. இன்னைக்கு அதை பைக்ல ரெண்டு நிமிஷத்துல தாண்டிடுவோம். யாரும் ஐடி கார்டு கேக்குறதில்ல.

ஆனா எங்க அப்பத்தாவுக்கு எல்லைன்னா மோரேதான். மணிப்பூர்ல, இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். கேட்டைத் தாண்டினா மியான்மரோட தமு.

அப்பத்தா பர்மாவுல பொறந்தவங்க. 1962ல நெ வின் தலைமையில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. கடைகள், தொழில்கள் எல்லாம் அரசுடைமை ஆச்சு. 1964 மே 17ல 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினாங்க. பத்து வயசு அப்பத்தாவும் கப்பல்ல வந்து இறங்கினாங்க.

அவங்க சித்தப்பாவுக்கு இங்க மனசு ஒட்டலை. அவரை மாதிரியே சிலர், தரைவழியா பர்மாவுக்கே திரும்பிடலாம்னு கிளம்பினாங்க. எல்லையில அந்த நாட்டு ராணுவம் விடலை. திரும்பி வரவும் மனசில்ல. அங்கேயே குடிசை போட்டாங்க. குக்கி, மெய்தேய், நேபாளி மக்களோட வியாபாரம் பண்ணினாங்க. அங்காள பரமேஸ்வரி கோயில் வந்துச்சு, தமிழ்ச் சங்கம் வந்துச்சு.

அவங்களைத் தடுத்த அந்தக் கோடு எப்படி வந்துச்சு தெரியுமா? தமு இருக்கிற கபாவ் பள்ளத்தாக்கை மணிப்பூரும் பர்மாவும் ரொம்ப காலம் மாறி மாறி உரிமை கோரினாங்க. 1834ல ஆங்கிலேயர்கள் அதை பர்மாவுக்குக் கொடுத்துட்டு, மணிப்பூர் ராஜாவுக்கு மாசம் 500 ரூபாய் ஈடு தர்றதா முடிச்சாங்க. மணிப்பூர்ல அந்த ஆதங்கம் இன்னும் இருக்கு. 1967ல இந்தியாவும் பர்மாவும் எல்லை ஒப்பந்தம் போட்டாங்க. ஆனாலும் 2018ல மோரே பக்கத்துல குவாதா குனோ கிராமத்துல, எல்லைத்தூணை நம்ம பக்கம் தள்ளி நட்டுட்டாங்கன்னு மக்கள் புகார் சொன்னாங்க. மத்திய அரசு மறுத்துச்சு.

நாங்க டேட்டாபேஸ்ல ஒரு காலத்தை மாத்தணும்னாலே, அதை நம்பி என்னென்ன ஓடுதுன்னு பார்த்துட்டுதான் கை வைப்போம். இங்க அப்படி யாரும் பார்த்த மாதிரி தெரியல.

2023 மே மாசம் மணிப்பூர்ல கலவரம். இன்டர்நெட்டை நிறுத்திட்டாங்க. சித்தப்பாவோட பேரன் மோரேல இருக்கார், எனக்கு மாமா முறை. நான் அனுப்பின மெசேஜுக்கு ஒரே டிக். சர்வர் விழுந்தா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிக்கிற வேலைதான் எனக்கு. ஆனா அஞ்சு நாள் அந்த ரெண்டாவது டிக் வருதான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அப்பத்தா அரைமணிக்கு ஒரு தடவை, "என்னடா, வந்துச்சா?"

ஆறாம் நாள் போன் வந்துச்சு. வீட்டு ஆளுக பத்திரம். தமிழர் வீடுகளும் சிலது எரிஞ்சுபோச்சுன்னார். அப்பத்தா அழுதுக்கிட்டே, "எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கு வந்துருய்யா"ன்னாங்க.

மாமா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "எந்த ஊருக்கு அத்தை? நான் பொறந்தது இங்கதானே."

அப்பத்தாகிட்ட பதில் இல்ல. அவங்களும் பொறந்த ஊரை விட்டு வந்தவங்கதான்.

எல்லையோர மக்கள் ரெண்டு பக்கமும் 16 கிலோமீட்டர் வரை விசா இல்லாம போய்வரலாம்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. 2024 பிப்ரவரியில அதை ரத்து செய்யப்போறதா மத்திய அரசு அறிவிச்சது. 1,643 கிலோமீட்டர் எல்லை முழுக்க வேலி போடவும் முடிவு. பாதுகாப்புக்குன்னு சொல்றாங்க. அந்தக் காரணம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா மோரே வாழ்றதே அந்த கேட்டை நம்பித்தான்.

அடுத்த தடவை பாரிஸ் கார்னர்ல அத்தோ சாப்பிடும்போது கடைக்காரர்கிட்ட, "உங்க குடும்பம் எப்போ வந்துச்சுண்ணே?"ன்னு கேளுங்க. உங்க வீட்லயும் ஒரு அப்பத்தா இருந்தா, இன்னைக்கே போனை எடுத்து ரெக்கார்ட் பண்ணி வைங்க. நானே இவ்வளவு லேட்டாத்தான் ஆரம்பிச்சேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.