ஒரு கலயம் எண்ணெய்

(வானொலி மறையுரை)



இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட இறைவார்த்தை, அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்கள். ஏழே வசனம்தான். ஆனால் கடன்பட்ட ஒரு வீட்டின் கதை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோகிறார். கடவுளுக்கு அஞ்சி நடந்த நல்ல மனிதர். ஆனாலும் கடன் வைத்துவிட்டுப் போகிறார். இதை முதலில் கவனியுங்கள். கடன்பட்ட வீட்டையெல்லாம் ஊதாரி வீடு என்று பேசுவது நம் ஊர்ப் பழக்கம். விவிலியம் அந்தக் குடும்பத்தை அப்படிப் பேசவில்லை. கடன் கொடுத்தவன் வாசலுக்கு வந்துவிட்டான். பணம் இல்லையென்றால் இரண்டு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோவேன் என்கிறான். அந்தக் கைம்பெண் இறைவாக்கினர் எலிசாவிடம் போய்க் கதறுகிறார்.

எலிசா என்ன செய்தார்? பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. “ஏனம்மா இவ்வளவு கடன் வாங்கினீர்கள்?” என்று கேட்கவும் இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றுமே இல்லை, ஒரு கலயம் எண்ணெய் மட்டும் இருக்கிறது என்றார் அப்பெண். அண்டை வீடுகளில் வெறும் பாத்திரங்களை, கொஞ்சமாக அல்ல, நிறையவே இரவல் வாங்கி வரச் சொன்னார். பிள்ளைகளோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இருக்கும் எண்ணெயை ஊற்றச் சொன்னார். பாத்திரங்கள் எல்லாம் நிறைந்தன. பிறகு, எண்ணெயை விற்றுக் கடனைக் கட்டிவிட்டு, மீதியில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார்.

புதுமை செய்தவர் ஆண்டவர். ஆனால் அந்தப் புதுமைக்கு முன்னும் பின்னும் எலிசா வைத்த ஒழுங்கு இருக்கிறதே, அது நம் வீட்டு வரவு செலவுக்கு அப்படியே பொருந்தும்.

முதலில், வீட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் கொத்தனார், மனைவி தையல் நிறுவனத்தில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 22,000 ரூபாய். வீட்டு வாடகை 5,000. மளிகை, பால், காய்கறி, எரிவாயு 7,500. பள்ளிக் கட்டணமும் வேனும் 2,000. பேருந்து, பெட்ரோல் 1,500. மின்சாரமும் கைபேசியும் 1,000. மருந்து 500. ஆக 17,500. மீதி 4,500 கையில் நிற்க வேண்டும். ஆனால் மாதத்தின் மூன்றாவது வாரத்திலேயே பக்கத்து வீட்டில் 500 கைமாற்று கேட்கிறார்கள். ஏன்?

குழுக்கடனுக்கு வாரம் 700, மாதத்துக்கு 2,800. தவணையில் வாங்கிய குளிர்பதனப் பெட்டிக்கு 1,800. வங்கியில் சங்கிலியை வைத்து வாங்கிய 40,000-க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று பார்த்தால் 400. தெருவில் ஒருவரிடம் ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கிய 20,000-க்கு மாதம் 1,000. மொத்தம் 6,000. கையிலிருப்பதோ 4,500. மாதாமாதம் 1,500 துண்டு விழுகிறது. அந்த 1,500-ஐ எங்கிருந்தாவது வாங்கித்தானே ஆக வேண்டும்? ஆண்டு முடியும்போது, ஒரு புதுச் சேலைகூட வாங்காமலேயே, 18,000 ரூபாய் புதுக்கடன் ஏறியிருக்கும்.

இந்தக் கணக்கில் இன்னும் ஒரு வரியை நான் எழுதவில்லை. ஆண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வாரத்துக்கு மூன்று குவாட்டர், ஒன்று 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,800. இது எந்த நோட்டிலும் எழுதப்படாத செலவு. இதையும் எழுதினால் துண்டு 1,500 இல்லை; 3,300.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டாரா என்று லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசு கேட்கிறார். உட்கார்ந்து என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் வீடுகளில் பணத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நின்றுகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டே நடக்கிறது. அதனால்தான் அது சண்டையில் முடிகிறது.

அடுத்து, எலிசா கதவைச் சாத்தச் சொன்னதைப் பாருங்கள். எத்தனையோ விளக்கங்கள் இருக்கலாம். நான் இதை ஊரின் பார்வைக்குச் சாத்திய கதவாகவே வாசிக்கிறேன். தேவை எது, ஆசை எது என்று பிரிக்கச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும். சீராக்கின் ஞானநூல் 29-ஆம் அதிகாரம் வாழ்வுக்கு இன்றியமையாதவற்றைச் சொல்கிறது: தண்ணீர், உணவு, உடை, மானத்தை மறைக்க ஒரு வீடு. அவ்வளவுதான். ஆசையும் பாவமில்லை. கானாவூர்த் திருமணத்தில் திராட்சை இரசம் தீர்ந்தபோது, தண்ணீர் குடித்தால் போதாதா என்று ஆண்டவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ கறி எடுப்பதை ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். சிரிப்பே இல்லாத சிக்கனம் மூன்று மாதம்கூடத் தாங்காது.

நம்மைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் இந்த இரண்டுமே இல்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது தேவையின் உடையை உடுத்திக்கொண்டு வரும். ஊர் என்ன சொல்லும் என்பதே அதன் பெயர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர், வளைகாப்பு, வாசலில் பத்தடிக்கு டிஜிட்டல் பேனர். கையில் ஒன்றும் இல்லாதபோது கடன் வாங்கி விருந்து வைத்துப் பிச்சைக்காரனாகிவிடாதே என்ற கருத்தில் சீராக் 18-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு எழுதியது! மொய் வந்துவிடும், சரிக்கட்டிவிடலாம் என்பார்கள். மொய் நோட்டு என்பது என்ன? அதுவும் கடன் பதிவேடுதான். இன்று வந்த ஒவ்வொரு 500-ம் நாளை ஒரு பத்திரிகையோடு வாசலுக்குத் திரும்பி வரும்.

இந்த இடத்தில் பங்கு மக்களை மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிடக் கூடாது. பிள்ளையின் புதுநன்மைக்கு வட்டிக்கு வாங்கி மண்டபம் பிடிக்கிறார்கள் என்றால், அதை எளிமையாக நடத்தும் வழியை நாங்கள் காட்டவில்லை என்றுதான் பொருள். அந்தப் பிள்ளைக்குத் தேவையானது தூய்மையான ஒரு வெள்ளை உடையும், ஆயத்தமான உள்ளமும். திருவிழா வரியையும் சேர்த்தே சொல்கிறேன். தலைக்கட்டு வரிக்காக ஒரு வீடு கடன் வாங்குகிறது என்றால் அந்த ஆண்டு அந்த வீட்டை விட்டுவிடுவதுதான் புனிதருக்குப் பெருமை. தேர் நின்றுவிடாது. கடன் வாங்கித் திருப்பயணம் போய்வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேளாங்கண்ணித் தாய் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருப்பார்.

இனி எலிசாவின் கடைசி வார்த்தைகளுக்கு வருவோம். விற்று, கடனைக் கட்டி, மீதியில் பிழைக்கச் சொன்னார். அடகு வைக்கச் சொல்லவில்லை. நம் வீடுகளில் சங்கிலி பீரோவில் இருக்கும் நாள்களைவிட அடகில் கிடக்கும் நாள்களே அதிகம். மீட்கவும் முடியாமல், விற்கவும் மனமில்லாமல், வட்டியை மட்டும் கட்டி ஆண்டுக்காண்டு திருப்பி வைக்கிறோம். கடைசியில் ஒருநாள் ஏலத்துக்குப் போய் நகை மூழ்கிவிடுகிறது. நாம் முன்பு பார்த்த அந்த வீட்டில், நகையின் முழு மதிப்பையும் வங்கி கடனாகத் தந்திருக்காது. சங்கிலியை மீட்டு விற்றால் 40,000 போக ஒரு தொகை நிற்கும். தங்கம் விலையேறியிருந்தால் இன்னும் கூடும். அது ஐந்து ரூபாய் வட்டிக்காரருக்கு உரிய 20,000-ஐ அடைக்கப் போதுமானால், மாதம் 1,400 மிச்சம். துண்டு விழுந்ததோ 1,500. ஒரே நாளில் ஏறத்தாழச் சரிக்குச் சரி. குளிர்பதனப் பெட்டியின் தவணை முடிந்ததும் அந்த 1,800-ஐ அடுத்த பொருளுக்குத் திருப்பாமல் இருந்தால், மூச்சு விடலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அது மனைவியின் நகை. அவர் மனம் ஒப்பி எடுத்துக் கொடுத்தால் குடும்பம் அதை நன்றியோடு நினைவில் வைக்க வேண்டும். குடித்துத் தீர்த்த கடனுக்காக அவர் கழுத்தில் கைவைக்க எவருக்கும் உரிமையில்லை.

பல கடன்கள் இருந்தால் எதை முதலில் அடைப்பது? அதிகம் சத்தம் போடுகிறவருக்குத்தான் நாம் முதலில் கொடுக்கிறோம். அதிகம் தின்கிற வட்டியைத்தான் முதலில் அடைக்க வேண்டும். ஐந்து ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 60 விழுக்காடு. இருபதே மாதத்தில் வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகவே கட்டியிருப்பீர்கள்; அசல் 20,000 அப்படியே நிற்கும். தண்டல் இன்னும் மோசம். 10,000 என்று சொல்லி 8,500-ஐக் கையில் தந்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குகிறார்கள். 1,500 தானே என்று தோன்றும். நாள்தோறும் அசலும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக்குக் கணக்கிட்டால் அது நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

கடனைக் கட்டச் சொன்ன எலிசா, எல்லாவற்றையும் கடன்காரனிடம் கொட்டிவிட்டு வா என்று சொல்லவில்லை. பிழைப்பதற்கு மீதி வேண்டும். திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது என்று இணைச்சட்ட நூல் 24-ஆம் அதிகாரம் சொல்வதும் இதனால்தான். மாவு அரைக்கும் கல் போனால் அடுப்பு அணைந்துவிடும். கொத்தனாரின் கரணையும், மனைவியின் தையல் இயந்திரமும், பிள்ளைகளின் படிப்பும் நம் திரிகைக் கற்கள். அவற்றைத் தொட்டுத்தான் ஒரு தவணை கட்ட முடியும் என்றால், கடன் தந்தவரிடம் நேரில் போய்த் தவணையைக் குறைத்துக் கேளுங்கள். ஒளிந்துகொள்வதைவிட அது நல்லது. ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவில் கட்டாதீர்கள்.

கடன் கொடுப்பவர்களும் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நம் ஆலயங்களில் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே வரிசையில் முழந்தாளிடுகிறார்கள். நெகேமியா நூல் 5-ஆம் அதிகாரத்தில், சொந்தச் சகோதரரிடமே வட்டி வாங்கிய யூதத் தலைவர்களைப் பார்த்து நெகேமியா சினம் கொள்கிறார். வயல்களையும் வீடுகளையும் திருப்பிக் கொடுக்கச் செய்கிறார். அவர்கள் வாங்கியது நூற்றுக்கு ஒன்று. மாதத்துக்கு என்று அதற்கு விளக்கம் தருவோர் உண்டு. ஒரு ரூபாய் வட்டி! ஐந்துக்கும் பத்துக்கும் கொடுப்பவர்கள் அதை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். 1462-இல் இத்தாலியின் பெரூஜியா நகரில், கந்துவட்டியிலிருந்து ஏழைகளைக் காப்பதற்காக பிரான்சிஸ்குத் துறவிகளின் முயற்சியால் ஓர் அடகு நிதியே தொடங்கப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் பெயர் சொல்லியே வருகின்றன. மிரட்டப்படுகிறவர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலிசா அந்த இரண்டு மகன்களையும் கதவுக்கு உள்ளேதான் வைத்தார். கடன்காரன் கொண்டுபோவேன் என்றது அவர்களைத்தான். பாத்திரங்களை எடுத்துக் கொடுத்தவர்களும் அவர்களே. நம் பிள்ளைகளின் வயதுக்கு ஏற்ற அளவு வீட்டு நிலையைச் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரிகிறது; வாசலில் நிற்கும் வண்டியின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன் அந்தக் கைம்பெண் செய்த செயல் ஒன்று உண்டு. அவர் வாயைத் திறந்து சொன்னார். மனைவிக்குத் தெரியாமல் கணவர் பட்ட கடனும், கணவருக்குத் தெரியாமல் மனைவி சேர்ந்த நான்காவது குழுவும் எத்தனையோ வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. கடனைவிட, அதை ஒளிப்பதுதான் ஆளைக் கொல்கிறது. கொல்கிறது என்று சும்மா சொல்லவில்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் இந்த நேரத்தில் யாருக்காவது இருந்தால், 104 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அல்லது உங்கள் பங்குத்தந்தையின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அதன் உறுப்பினர்களைப் பாருங்கள். அவர்களிடம் எண்ணெய் இல்லாமல் இருக்கலாம். பாத்திரங்கள் இருக்கும்.

செபிப்போமாக. ஆண்டவரே, இன்று இரவு உணவுக்குப் பின் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காரப் போகும் கணவன் மனைவியரின் நடுவே நீரும் வந்து அமரும். முதலில் வாய் திறக்கப் போகிறவருக்குத் துணிவையும், அதைக் கேட்கப் போகிறவருக்குப் பொறுமையையும் தாரும். ஆமென்.