தவறிய ஒரு தட்டு

2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஸ்கீட் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் கிம் ரோட். பறந்த 100 களிமண் தட்டுகளில் 99-ஐ உடைத்தார். நாம் அந்த ஒன்றைப் பார்ப்போம். தகுதிச் சுற்றின் 75-இல் ஒன்று தவறியது. இறுதிச் சுற்றின் 25-ம் சிதறின. தட்டு கிளம்பி நொடிப்பொழுதில் போய்விடும். தவறியதையே நினைத்து நிற்கும் கண்ணில் அடுத்தது படாது. துப்பாக்கி முனையைப் பார்த்து நின்றாலும் அதே கதிதான்.

நாமோ, காலையில் பிள்ளையைக் கடிந்த ஒரு சொல்லை மாலைச் செபமாலை வரை மனதில் சுமக்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிக்கப்பட்டதைக்கூட மறுபடி எண்ணிப் பார்க்கிறோம். பிள்ளையோ பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறது. அதன் முகத்தை நாம் இன்னும் பார்க்கவில்லை. இன்றிரவு, செபமாலையைத் தொடங்குமுன், அதை அருகில் அழைப்போமா?